வேனுக்குத் தகரம் உடுத்தினேன்

வெளியே மழை நின்று வெகு நேரமாகியும் எங்கள் வண்டிக்குள் பெய்துகொண்டிருந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு கண்காட்சி மைதானம். பட்டுப் புடவை மூட்டைகளில் ஒன்றைத் தலைமேலும் ஒன்றை மடிமேலும் வைத்து நான் அடைகாத்துக்கொண்டிருந்தேன். சரக்கைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு திரும்பிப் பார்த்தால், என் மனைவி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வீசிங் உண்டு. ஈரமும் பூஞ்சையும் ஆகவே ஆகாது.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரிப் பெயருக்குப் பதில் என் பெயரைச் சொன்னேனாம். உள்ளே நுழைந்தபோது நான் வாங்கிய மூச்சைப் பார்த்துவிட்டு, நர்ஸம்மா என்னைத்தான் முதலில் படுக்கவைத்து முகத்தில் மருந்துப் புகை மாஸ்க்கை மாட்டப் பார்த்தார். "எனக்கில்லம்மா, அவளுக்கு" என்று கையைக் காட்டினேன். அவள் அந்த மூச்சுத் திணறலிலும் என்னைப் பார்த்து முறைத்தாள்.

கொஞ்சம் தேறியதும் டாக்டர் கேட்டார்: "வீட்டுச் சுவர் ஓதம் அடிக்குதா?"

"வீடு இல்லீங்க, வண்டி" என்றேன்.

"வண்டியா?"

விளக்கினேன். ஆரணியில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. கடையைத் தேடி ஆள் வருவது நின்றுபோனதும், ஆளைத் தேடி நாங்கள் போக ஆரம்பித்தோம். ஊர் ஊராகக் கண்காட்சி. லாட்ஜில் தங்கினால் லாபம் லாட்ஜ்காரருக்கு. ஆகவே ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப் பக்கம் அடுப்பும் பாத்திரமும் வைத்தாயிற்று. சரக்கு படுக்கைக்கு அடியில். எங்கள் தெருவில் அதைக் கேரவன் என்பார்கள். சினிமா நடிகர் மாதிரி நான் அதிலிருந்து லுங்கியோடு இறங்குவேன். எல்லாவற்றையும் கேட்ட டாக்டர், "வண்டிய சரி பண்ணுங்க, இல்லன்னா அவங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு முறை பி.பி. பார்த்தார்.

அவளை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். போளூர் தாண்டியதும் சொன்னாள்: "இனிமே உள்ள ஒரு சொட்டு ஒழுகுனாலும் நான் வரலீங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"நான் போய் எப்டி விக்கறது?"

"பொடவைய நீங்களே தோள்ல போட்டுக் காட்டுங்க. ஒங்க நெறத்துக்கு மாம்பழ மஞ்ச எடுக்கும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் வராவிட்டால் வியாபாரம் இல்லை. எனக்கு வாய்தான் உண்டு. ஆட்களைக் கூட்டுவேன், சிரிக்கவைப்பேன். வந்தவர்களை வாங்கவைப்பது அவள். அதைவிட இன்னொன்று. முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வருவது அவளுக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று வாயால் சொல்ல மாட்டாள். வண்டி செங்கம் தாண்டினால் தன்னை அறியாமல் ஏதாவது முணுமுணுத்துப் பாட ஆரம்பிப்பாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டு அந்த முன் சீட்டில் மூட்டையை வைத்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

சேலத்தில் அடுத்த கண்காட்சி இருந்தது, கார்த்திகை மழை விடுவதற்கு முன்பே.

வண்டியின் கூரை கெட்டி. பிரச்சினை இரண்டு பக்கச் சுவர்களில். தார்ப்பாய் கட்டிப் பார்த்தாயிற்று. உள்ளே இட்லிப் பானை மாதிரி வேர்த்துப் பூஞ்சை இன்னும் கொழுத்தது. துரு எவ்வளவு என்று பார்க்க ஒரு விரலால் லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. போன விரல் திரும்பி வரவில்லை. தகரத்தின் பல் விரலைக் கவ்விக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நயினார் ஓடி வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். நிதானமாகச் சுற்றிலும் இருந்த துருவை உதிர்த்து விரலை விடுவித்தார்.

"கத்தாதப்பா. வெரல் இருக்கு. சொவுருதான் இல்ல" என்றார்.

அன்றே போய் ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். "போன மாசம் ஆணி குத்திச்சின்னு வந்து போட்டுகினு போனீங்களே, அது போதுமே" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் கேட்கவில்லை. பயத்துக்குத் தனியாக ஒன்று போடச் சொன்னேன்.

டிங்கரிங் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்த டிங்கர் தம்பி சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பேசாமல் ஒரு சுற்று வந்தார். என் கணக்கில் ஒரு டீ குடித்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, இத்த ரிப்பேர் பண்றதுக்கு பதிலா இந்த ஆரன மட்டும் கயட்டி வேற வண்டில மாட்டிக்கோ. ஆரன் நல்லா கீது." அவர் சொன்ன தொகையைக் கேட்டு நானும் ஒரு டீ குடித்தேன்.

அப்புறம் பழைய இரும்புக் கடை பாய்தான் கதி. மூடிப்போன ஏதோ ஜவுளிக் கடையின் பெரிய தகர போர்டு அவரிடம் கிடந்தது. கெட்டியான தகரம், பின்பக்கம் துருவே இல்லை. முன்பக்கம் நகையெல்லாம் போட்ட ஒரு கல்யாணப் பெண்ணின் முகம்.

"எடுத்துகினு போ அண்ணே, புதுசு வாங்கனா பேஜாராயிடுவ" என்றார் பாய். "ஆனா பொண்ணு மேல பெயிண்ட் அடிச்சிடாத. பாவம், அழகா கீது."

"வூட்ல ஒண்ணு இருக்கறதே போதும் பாய்."

"அது ஒன்ன மொறைக்கும். இது சிரிக்குது பாரு."

போர்டைப் பட்டை பட்டையாக வெட்டித்தான் ஏற்ற முடிந்தது. ஆகவே வண்டியில் அந்தப் பெண் துண்டு துண்டாகத்தான் வரப்போகிறாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எந்தத் துண்டு எங்கே என்று நான் குறித்து வைக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றுதான் சொல்ல முடியும், நடந்தது என்று சொல்ல முடியாது. காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தறிக்குப் போக வேண்டிய பட்டு நூல், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி நிற்கும்போது பக்கத்தில் இரும்புத் தூள் பறந்தால் என்னையே இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதனால் பாவைச் சுருட்டிக்கொண்டு போகும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். சாயங்காலமானால் நயினார் போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். சமணர்கள், அது அவர்கள் வீட்டு வழக்கம். கையில் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வானத்தைப் பார்த்துவிட்டு, "நான் கெளம்பறேன்பா" என்று விட்டுவிடுவார். தகரம் என் காலில் விழும்.

நடுவில் கிடைத்த நேரத்தில் துருப்பிடித்த தோலை உரித்தோம். வெங்காயம் உரிப்பது போல உரிக்க உரிக்க அதற்கு உள்ளேயும் துரு. எலும்புச் சட்டம் மட்டும் பரவாயில்லை. அதற்குத் துரு பிடிக்காத பெயிண்ட் அடித்துக் காயவிட்டோம். தோள்பட்டை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி வலித்தன. இரவு சோறு பிசையும்போது விரல்கள் மடங்கவில்லை. "ஊட்டி வுடட்டுமா?" என்று அவள் கேட்டாள். கேலி என்று தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு தகரம் ஏற்றும் வேலை. ட்ரில்லால் துளை போட்டு, துளைக்கு ஒரு ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். படுக்கைப் பக்கத்துச் சுவரில் அழுத்தித் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ட்ரில் பிட் தகரத்தைத் தாண்டிப் போய் எதிலோ மெத்தென்று இறங்கியது. வெளியே இழுத்தால் பிட்டைச் சுற்றி வெள்ளையாக என்னவோ சுருண்டு வருகிறது. சற்று முன்புதான் அவள், "கொஞ்சம் சாயறேங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எங்கே சாய்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் தறிச் சத்தமே நின்றது என்று தெருவில் இப்போதும் சொல்கிறார்கள். ட்ரில்லை எறிந்தேன். அது தரையில் சுற்றிக்கொண்டே என்னைத் துரத்தியது. அதைத் தாண்டிக் குதித்து, "ஐயோ, கொன்னுட்டேனே" என்று வண்டிக் கதவைப் பிடித்து இழுக்கிறேன். கதவு வரவில்லை. தள்ளுக் கதவை இழுத்தால் எப்படி வரும்?

"யார?" என்று பின்னாலிருந்து குரல். வீட்டு வாசலில் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ உள்ளதான..."

"வூட்ல சாஞ்சேன். இன்னாத்துக்கு இந்தக் கூப்பாடு? தலகாணியக் கொன்னதுக்கா?"

நயினார் ட்ரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து என் முதுகைத் தடவினார். "மொதல்ல அவனுக்கு அந்தக் காபியக் குடும்மா" என்றார்.

இதையெல்லாம் தாண்டி ஒருவழியாக இரண்டு பக்கச் சுவரும் முடிந்தன. முடிந்தது என்பதைவிட, அழகாக முடிந்தது. அந்த அழகில்தான் வினை இருந்தது. கண்காட்சியில் நாங்கள் படிக்கட்டு ஸ்டாண்டில் புடவை அடுக்குவோம். பின்னால் உயரத்தில் ஒரு புடவை. அதன் காலை மறைத்து அடுத்த படியில் ஒன்று. அதன் காலை மறைத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மேல் கரை மட்டும் வரிசையாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க அடுக்கிய கை. தகரத்தையும் அப்படியே அடுக்கிவிட்டது. மேலிருந்து ஆரம்பித்து, மேல் தகரத்தின் காலை மறைத்து அதற்கு வெளியே அடுத்த தகரம், அதன் காலை மறைத்து அடுத்தது.

அவளும் பார்த்தாள். தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, புடவை பார்க்கிற பார்வை. "ரெண்டாவது கர கொஞ்சம் எறங்கியிருக்கு, தூக்குங்க" என்றாள். தூக்கினேன். அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒரு தறிக்காரர்கூட இறங்கி நின்று, "அட்டகாசமா அடுக்கியிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே பட்டு ஊர். எங்கள் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. கல்யாணப் பெண்ணின் ஒரு கண் முன் சக்கரத்துக்கு மேலும், மூக்குத்தி டீசல் மூடிக்குப் பக்கத்திலும் வந்திருந்ததுதான் குறையாகத் தெரிந்தது.

மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றாள். நான் உள்ளே, படுக்கை மேல். அவள் வெளியே, கையில் ஹோஸ் பைப்.

"விடட்டுங்களா?"

"விடு."

தகரத்தின் மேல் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் கழுத்தில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது.

"வருதா?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

பார்த்தேன். தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற ஒவ்வொரு கோட்டிலும், ரவிக்கைத் துணியில் மணி கோத்தது போல வரிசையாகத் தண்ணீர். அப்போதுதான் புரிந்தது. வழிந்து வரும் தண்ணீருக்கு ஒவ்வொரு தகரத்தின் மேல் விளிம்பும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. சட்டைப் பைக்குள் ஊற்றுவது மாதிரி நேராக உள்ளே வருகிறது.

"வரல!" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாய் முந்திக்கொண்டது. இடுப்பில் இருந்த துண்டை ஒரு கோட்டில் அழுத்தினேன். இன்னொரு கோட்டை முழங்கையால் அடைத்தேன். மூன்றாவதற்குக் காலைத் தூக்கினேன்.

"நெசமாவா?"

"நெசமா. போதும், நிறுத்து."

குரல் சரியில்லை போலிருக்கிறது. கதவு திறந்தது. ஒற்றைக் காலில், சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நான். மெத்தை நனைந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வரலன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

கீழே இறங்கி, இரண்டு பேரும் வண்டியின் படியில் உட்கார்ந்தோம். நயினார் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் வராமல் திரும்பிவிட்டார். நான் நனைந்த துண்டைப் பிழிந்தேன். சேலத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அடித்த ரிவெட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் தலை சீவி எடுத்துவிட்டு, கீழேயிருந்து மேலாக மறுபடி ஏற்றி வர வேண்டும், மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் இறங்குகிற மாதிரி. அடித்தவன் நானே என்பதால் திட்டவும் ஆள் கிடைக்கவில்லை. பெயிண்டும் இடைவெளி அடைக்கிற சிலிக்கான் பசையும் கலந்த வாடை அவளுக்கு ஆகாது. ஆகவே பஸ் ஏறிக் கண்ணமங்கலத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மருந்து இழுக்கிற பம்பை மறந்து வைத்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு நான் பஸ் பின்னாலேயே ஓடிய கதையை இங்கே சொல்லப் போவதில்லை. அடுத்த ஸ்டாப்பில் பிடித்தேன். லுங்கியில்.

வீட்டில் யாரும் இல்லாதபோது ட்ரில் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. நயினார் பிடிப்பார், நான் அடிப்பேன். வானத்தைப் பார்ப்பார், போவார். மிச்சத்துக்குத் தலையாலும் முழங்காலாலும் முட்டுக்கொடுத்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியில் பெயிண்ட் தெறித்து ஊரே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒரு ரிவெட் அடித்துவிட்டு அடுத்ததற்கு முன் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசனையாக இருந்தது.

சாயங்காலமானால் போன் வரும்.

"இன்னா சாப்ட்டீங்க?"

"தகரம்."

"எவ்ளோ ஆச்சி?"

"படுக்கப் பக்கம் ஆய்கினு வருது."

"அந்தப் பக்கம்?"

"அது பக்கத்துல இன்னும் போகல."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் வரலன்னு சொன்னது கோவத்துல இல்லீங்க. அன்னிக்கு அங்க மூச்சு அடைச்சப்ப, நெசமாவே அவ்ளோதான்னு நெனச்சிட்டேன். நீங்க வேற ஆட்டோக்காரர்கிட்ட ஒங்க பேரச் சொல்லிகினு இருந்தீங்க. இவரு எப்டி தனியா ஊரு போய்ச் சேருவாருன்னு அத்த வேற யோசிச்சேன்."

"சரி, வச்சுடு. மருந்து இழுத்துக்கோ" என்றேன்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி படுக்கைப் பக்கம் முழுதாக முடிந்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் பாதிகூட ஆகவில்லை. கை ஓய்ந்துவிட்டது. கழற்றாமல் விட்ட கோடுகளில் சிலிக்கானைப் பிதுக்கிப் பிதுக்கி அடைத்து வைத்தேன். வாடை போவதற்கு இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வண்டியின் முன்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். வாடையை யாராவது திருடிக்கொண்டு போனால் நல்லதுதான்.

கிளம்புகிற நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. தெருவில் பாவு நீட்டவில்லை. குடையோடு அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தாள். குடையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெளியே நின்றேன். குடையை விரிக்கத் தோன்றவில்லை. உள்ளே என்ன செய்கிறாள் என்று ஜன்னல் வழியாகத் தெரிந்தது. படுக்கைப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினாள். தகரம் ஏறுகிற கோடுகளில் விரலை ஓட்டினாள். முந்தானையால் துடைத்து முந்தானையைப் பார்த்தாள். பிறகு படுத்தாள். கண்ணை மூடி, மூக்கால் நன்றாக இழுத்து மூச்சு விட்டாள். மறுபடியும். பூஞ்சையைக் கண்டுபிடிக்க அவள் மூக்குக்கு மேல் ஒரு கருவி கிடையாது. அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

கதவைத் திறந்தாள்.

"இந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்றாள். "அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் வரும்" என்றேன். "சிலிக்கான் வச்சிருக்கேன். இருந்தாலும் வரும். அடுப்புக்கு மேல ரெண்டு எடத்துல இப்பவே கசியுது. நான் பாத்துட்டேன்."

திரும்பி அதையும் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. நயினார் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கும் நனையக் கூடாது, நானும் நனையக் கூடாது" என்றாள், கணக்குப் பார்ப்பவள் மாதிரி. "மூட்டையெல்லாம் படுக்கைக்கு அடியில, சொவுரு ஓரமா வைங்க. மேல நான். அடுப்ப இங்க நவுத்திடலாம். அந்தப் பக்கம் பாத்திரம் நனைஞ்சா நனையட்டும், கழுவற வேல மிச்சம்."

"அப்ப நீ வர?"

"பின்ன? ஒங்கள தனியா வுட்டா மாம்பழ மஞ்சளக் கட்டிகினு நிப்பீங்க. ஜல்தியா ஏத்துங்க, சேலம் போயி எடம் புடிக்கணும்."

சொல்லிவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த நீராவியை உள்ளங்கையால் துடைத்தாள். இருமவில்லை. நான் வீட்டுக்கும் வண்டிக்குமாக மழையில் மூட்டை சுமக்க ஆரம்பித்தேன். தோள் பழையபடி முனகியது. படுக்கை அவளுக்கு, அடியில் சரக்கு, உலர்ந்த தரையில் அடுப்பு. நான் எங்கே படுப்பது என்று அவள் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால் நான் கேட்கவில்லை.